சமூகப் பணி மாணவர்களின் களப் பயிற்சியும் ஊராட்சியின் கடமையும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில், எங்கள் வட்டாரத்து ஊராட்சித் தலைவர் ஒருவர் என்னைக் காண அலுவலகத்திற்கு வந்திருந்தார். அவர் கேட்டது இதுதான்: "ஐயா, வாரத்தில் இரண்டு நாட்கள் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். வீடு வீடாகச் சென்று பேசுகிறார்கள். நோட்டில் ஏதோ எழுதிக்கொள்கிறார்கள். மாலையில் பேருந்து ஏறிப் போய்விடுகிறார்கள். பணம் கொடுக்க வந்தவர்களா, கணக்கெடுக்க வந்தவர்களா, அல்லது எங்கள் மேல் எழுதிப் போட வந்தவர்களா என்று ஊரார் என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அம்மாணவர்களை ஊருக்குள் அனுப்ப இசைவுக் கடிதம் வழங்கியவன் நானே. ஆயினும் அவர்கள் யார், எதற்காக வருகின்றனர், ஊர் அவர்களுக்குச் செய்ய வேண்டியது யாது, அவர்கள் ஊருக்குச் செய்ய வேண்டியது யாது என்பதை ஊராட்சிக்கு எடுத்துரைக்க நான் தவறியிருந்தேன். அன்று அவருக்குக் கூறிய விடையையும், அதன் பின்னர் அனுபவத்தில் அறிந்தவற்றையும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துக் கூற விழைகிறேன்.

இம்மாணவர்கள் யார்?

பட்டப்படிப்பை முடித்த பின்னர், சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெறுவதற்காக இரண்டு ஆண்டுகள் பயில்வோரே இவர்கள். வறுமை, நோய், குடிப்பழக்கம், குடும்பப் பிணக்கு, பள்ளியை விட்டு நின்ற குழந்தைகள், ஆதரவற்ற முதியோர் முதலிய துன்பங்களில் மக்களுக்கு முறையாகத் துணை நிற்பது எவ்வாறு என்பதே இவர்களுடைய பாடம். படிப்பு முடிந்ததும் இவர்கள் மருத்துவமனைகளிலும், தொழிற்சாலைகளிலும், குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும், ஊரக வளர்ச்சித் திட்டங்களிலும், தொண்டு நிறுவனங்களிலும் பணியில் அமர்கின்றனர்.

பிறருக்கு உதவ நல்ல மனம் போதாதா, அதற்கு ஒரு படிப்பும் வேண்டுமோ என்று சிலர் ஐயுறலாம். நல்ல மனம் வேண்டும். அதனோடு முறையும் வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஏழைகளுக்கு உதவி வழங்கிவந்த சங்கத்தினர் இவ்வுண்மையை உணர்ந்து, 1898-ஆம் ஆண்டில் தம் ஊழியர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி ஒன்றை நடத்தினர். சமூகப் பணிக் கல்வியின் தொடக்கங்களுள் அது ஒன்று. நம் நாட்டில் இக்கல்வி 1936-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கிற்று. அந்நகரில் நாக்பாடா என்னும் நெருக்கடி மிகுந்த பகுதியில் மக்களிடையே பணியாற்றி வந்த கிளிஃபர்டு மான்ஷார்ட் என்பவர், டாடா அறக்கட்டளையின் துணையோடு அப்பள்ளியை அமைத்தார். அதுவே பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்னும் பெயர் பெற்றது.

நம் மாநிலத்தில் 1952-ஆம் ஆண்டில் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னை சமூகப் பணிக் கல்லூரி தோன்றிற்று. சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில், அக்டோபர் 2-ஆம் நாளன்றுதான். ஊர்களைச் சீர்திருத்தும் திட்டமும், அதற்குரிய ஊழியரை உருவாக்கும் கல்வியும் நம் மாநிலத்தில் ஒரே ஆண்டில் கால்கொண்டன. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்தில் 1956-ஆம் ஆண்டில் கிராமியக் கல்வி நிறுவனம் ஏற்பட்டது. ஊர்களிடையே பணியாற்றுவதையே கல்வியின் ஒரு பகுதியாக்கிய அந்நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று மாநிலத்தின் பல நகரங்களிலும் இக்கல்வியை அளிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன.

களப் பயிற்சி ஏன்?

நெல் விதையை நாற்றங்காலில் விட்டு வளர்க்கிறோம். எத்துணைச் செழிப்பாயினும் நாற்று அங்கேயே நின்று கதிர் ஈனுவதில்லை. உரிய பருவத்தில் பறித்து, சேற்றில் நட்டு, வேர் பிடித்த பின்னரே அது பயிராகிறது. வகுப்பறை நாற்றங்கால்; ஊரே நடவு வயல். மருத்துவம் பயில்வோர் நோயாளிகளின் கட்டிலருகே நின்று கற்பது போலச் சமூகப் பணி பயில்வோர் மக்களிடையே இருந்து கற்க வேண்டும் என்பதனாலேயே களப் பயிற்சி இப்படிப்பில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அதில் தேறாதவர் பட்டம் பெற இயலாது.

இப்பயிற்சி கல்லூரிக்குக் கல்லூரி சிறிது வேறுபடினும் பொதுவாக மூன்று வகையில் நடைபெறுகிறது. முதலாவது, கல்வியாண்டு முழுவதும் வாரத்திற்கு இரண்டு நாட்கள் ஒரே ஊருக்கோ நிறுவனத்திற்கோ சென்று வருவது. இரண்டாவது, மாணவர் அனைவரும் ஆசிரியர்களுடன் ஓர் ஊரில் ஒரு வாரம் அல்லது பத்து நாட்கள் தங்கி நடத்தும் ஊரக முகாம். மூன்றாவது, படிப்பின் இறுதியில் ஏறத்தாழ ஒரு மாதம் தொடர்ந்து ஒரே இடத்தில் பணியாற்றுவது.

ஒவ்வொரு மாணவருக்கும் இரு மேற்பார்வையாளர்கள் உண்டு. ஒருவர் கல்லூரி ஆசிரியர். மற்றவர் பயிற்சியளிக்கும் இடத்தின் பொறுப்பாளர். மாணவர் தாம் கண்டதையும், செய்ததையும், அதிலிருந்து கற்றதையும் வாரந்தோறும் அறிக்கையாக எழுதுகிறார். ஆசிரியர் அதனைப் படித்து, மாணவரைத் தனியே அழைத்து, எங்கே பிழைத்தார், ஏன் பிழைத்தார் என்று விளக்குகிறார். ஊரார் கண்ட நோட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் இவ்வறிக்கைக்குரிய குறிப்பேயாகும்.

ஊரில் அவர்கள் செய்வது என்ன?

முதல் ஓரிரு மாதங்கள் ஊரை அறிவதிலேயே கழியும். தெருக்கள், நீர்நிலைகள், பள்ளி, அங்கன்வாடி, நியாய விலைக் கடை, கூட்டுறவுக் கடன் சங்கம், மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆகியவற்றை நேரில் கண்டு, ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோருடன் பேசுவர். பின்னர் ஊர் மக்களைக் கூட்டி, தரையிலேயே கோலப்பொடியாலும் கூழாங்கற்களாலும் ஊரின் வரைபடத்தை மக்களைக் கொண்டே வரையச் செய்வர். இதனைப் பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்பர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு கல்லை எடுத்து வைத்துத் தம் கருத்தைக் கூற முடியும் என்பது இம்முறையின் சிறப்பு.

பருவ நாட்காட்டி என்பதும் இம்முறையில் ஒன்று. எந்த மாதத்தில் வேலை மிகுதி, எந்த மாதத்தில் கையில் பணம் இல்லை, எப்போது கடன் வாங்குகிறோம், எப்போது குழந்தைகள் பள்ளிக்குச் செல்லாமல் நின்றுவிடுகின்றனர் என்று விவசாயிகளே பன்னிரண்டு மாதங்களுக்கும் குறித்துக் காட்டுகின்றனர். அதனைப் பார்த்தவுடன், கடன் மனுவை எப்போது கொடுக்க வேண்டும், பள்ளிக் குழந்தைகளின் மீது எந்த மாதத்தில் கண் வைக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. நாம் அறியாத செய்தி எதுவும் அதில் இராது. ஆனால் அறிந்தவை யாவும் ஒரே இடத்தில் கண்முன் நிற்கும்.

இவற்றோடு, தனி ஒருவரின் இடரைக் கேட்டு உரிய அலுவலகத்திற்கு வழிகாட்டுதல், இளைஞர் குழுக்களையும் மகளிர் குழுக்களையும் கூட்டிப் பேசுதல், கிராம சபைக்கு மக்களைத் திரட்டுதல் ஆகியனவும் அவர்களுடைய பணிகள்.

கடைமடைத் தெரு

மேலே கூறிய ஊராட்சியில் நிகழ்ந்ததையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறேன். அவ்வூரில் 30,000 லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்றும், நான்கு தெருக்களுக்கும் தனித்தனி வால்வுகளும் உள்ளன. எங்கள் பதிவேட்டின்படி நான்கு தெருக்களுக்கும் நாள்தோறும் குடிநீர் செல்கிறது. குறை கூறும் மனு எதுவும் கோப்பில் இல்லை.

மாணவர்கள் ஆதிதிராவிடர் குடியிருப்பில் அமர்ந்து பெண்களைக் கொண்டு வரைபடம் வரையச் செய்தபோது, தண்ணீர் நன்றாக வரும் இடங்களில் கல் வைக்கச் சொன்னார்கள். மூன்று தெருக்களில் கற்கள் குவிந்தன. மேட்டில் இருக்கும் நான்காம் தெருவில், அதாவது அப்பெண்களின் தெருவில், ஒரு கல்லும் விழவில்லை. மாணவர்கள் அத்துடன் நிற்கவில்லை. இரண்டு வாரங்கள் குடமும் கடிகாரமுமாக நின்று அளந்தனர். முதல் தெருவில் ஒரு குடம் நிறைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; நான்காம் தெருவில் ஏழு நிமிடங்கள் ஆயிற்று. வரிசையில் கடைசியில் நின்ற பெண்கள் வெறுங்குடத்துடன் திரும்பினர்.

அதன் பின்னர் தொட்டி இயக்குபவரிடம் சென்று கேட்டனர். அவர் சிறிதும் தயங்காமல் காரணத்தைக் கூறினார். தொட்டிக்கு அருகில் உள்ள வால்வுகளை முதலில் திறப்பது வழக்கம். பள்ளத்துத் தெருக்கள் தண்ணீரை இழுத்துக்கொண்ட பின், தொட்டியில் மட்டம் குறைந்த நிலையில், மேட்டுத் தெருவிற்குத் தண்ணீர் ஏறுவதில்லை. தலைமடையில் பாய்ச்சிய பின் கடைமடைக்கு எஞ்சுவது என்ன என்பதை விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "இது எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். எல்லாரும் என்னைத் திட்டினார்கள்; என்னைக் கேட்டவர் ஒருவரும் இல்லை" என்றார் அவர்.

மாணவர்கள் தாமாக எதையும் மாற்றவில்லை. மாற்றும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. நான்காம் தெருப் பெண்களையும் தொட்டி இயக்குபவரையும் ஊராட்சித் தலைவர் முன் அமர்த்தினர். செய்தி அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபைக்கு வந்தது. தொட்டி நிறைந்தவுடன் நான்காம் தெருவின் வால்வை மட்டும் முதலில் நாற்பது நிமிடங்கள் திறப்பது, பின்னரே ஏனைய தெருக்களுக்குத் திறப்பது என்று பேசப்பட்டது. முதல் தெருவினர் தம் நேரம் குறையும் என்று எதிர்த்தனர். கூட்டத்தில் குரல்களும் உயர்ந்தன. மறுநாள் தலைவரே குடத்துடனும் கடிகாரத்துடனும் அவர்களை நான்காம் தெருவிற்கு அழைத்துச் சென்று நிற்க வைத்தார். ஏழு நிமிடங்கள் நின்று பார்த்தவர்கள் அதன்பின் மறுத்துப் பேசவில்லை. ஊராட்சி நிதியிலிருந்து ஒரு காசும் செலவாகவில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019-இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம் வகுத்த அளவு. அவ்வளவு எல்லார்க்கும் கிடைத்தது என்று நான் கூறமாட்டேன். இருக்கும் தண்ணீர் நான்கு தெருக்களுக்கும் பங்காயிற்று என்பதை மட்டும் கூறுவேன்.

நான் செய்த பிழை

நல்லதைக் கூறிய நான் தீயதையும் மறைத்தலாகாது. இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு வட்டாரத்தில் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக நான் இருந்தபோது, களப் பயிற்சிக்கென்று இரு மாணவர்கள் வந்தனர். அலுவலகத்தில் பணி மிகுதி, ஆட்கள் குறைவு. ஆகவே ஆறு வாரங்கள் அவர்களைப் பதிவேடுகளைப் படியெடுக்கவும் படிவங்களை நிரப்பவும் பயன்படுத்திக்கொண்டேன். அவர்கள் கற்றது ஒன்றுமில்லை.

பின்னர், கூரை வீடுகளில் வாழ்வோரின் பட்டியல் ஒன்று எடுத்து வருமாறு அவர்களை ஒரு குடியிருப்புக்கு அனுப்பினேன். அவர்கள் பெயர்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரையும் வீட்டின் முன் நிறுத்திப் புகைப்படமும் எடுத்தனர். அப்பட்டியல் எத்திட்டத்திற்கும் உரியதன்று. அலுவலகக் குறிப்பிற்காக எடுக்கப்பட்டது. ஆனால் அதனை மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவர், அரசு வீடு வந்துவிடும் என்று நம்பி, அவ்வாண்டு கூரையை வேயாமல் விட்டுவிட்டார். ஐப்பசி மழையில் நனைந்து ஒரு பக்கச் சுவர் இடிந்து விழுந்தது. நற்பேறாக அவர் அவ்வேளையில் வீட்டில் இல்லை. நான் பார்க்கச் சென்றபோது அவர் கோபப்படவில்லை. "படம் பிடித்துக்கொண்டு போனீர்களே ஐயா, அது என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்டார்.

மாணவர்கள் அவருக்குப் பொய் வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஆயினும் எளிய மக்களிடம் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு சென்றால், அதுவே ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. இதை அம்மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லாதது என் பிழை. அடுத்த ஆண்டு வந்த மாணவர்களுக்கு அக்குடியிருப்பில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

ஊராட்சிகள் செய்ய வேண்டுவன

இவ்விரு அனுபவங்களிலிருந்தும் நான் கற்றவற்றை ஊராட்சிகளின் கவனத்திற்குக் கீழ்வருமாறு முன்வைக்கிறேன்.

1. கல்லூரியின் கடிதத்தை முதலில் கேட்டுப் பெறுக. மாணவர் பெயர், வரும் நாட்கள், பயிற்சிக் காலம், பொறுப்பாசிரியரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருத்தல் வேண்டும். கடிதமின்றி வருவோரை ஊருக்குள் தகவல் சேகரிக்க விடலாகாது.

2. கிராம சபையிலோ, ஊர்க் கூட்டத்திலோ அவர்களை மக்களுக்கு அறிமுகம் செய்க. "நாங்கள் படிக்க வந்தவர்கள், எங்களிடம் திட்டமோ பணமோ இல்லை, நாங்கள் எழுதும் பெயர் எந்தப் பட்டியலுக்கும் செல்லாது" என்பதை அவர்கள் வாயாலேயே முதல் நாளன்று சொல்லச் செய்க.

3. உறுப்பினர் ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க. மாணவர்கள் வரும் நாளில் கால் மணி நேரம் அவர்களுடன் பேசினால் போதும்.

4. எல்லாத் தெருக்களுக்கும் அழைத்துச் செல்க. கூட்டம் கூட்டும் இடம் எல்லாரும் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய பள்ளியாகவோ ஊராட்சிக் கட்டடமாகவோ இருக்கட்டும். ஊரின் ஒரு பாதியை மட்டும் காட்டுவது மாணவர்களை ஏமாற்றுவதோடு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுமாகும்.

5. மாணவியர் பலர் வருகின்றனர். அவர்கள் இருவராகச் செல்லவும், பொழுது சாயுமுன் பேருந்து ஏறவும், தூய கழிப்பறை ஒன்றைப் பயன்படுத்தவும் வசதி செய்து தருக. ஊரக முகாமின்போது தங்குமிடத்தின் பாதுகாப்பு ஊராட்சியின் பொறுப்பு.

6. அவர்களை எழுத்தர்களாகவோ, விழாக்களுக்குத் தோரணம் கட்டுவோராகவோ பயன்படுத்தலாகாது. ஊர்ப் பிணக்குகளில் ஒரு பக்கத்திற்குச் சாட்சியாக இழுத்தலும் ஆகாது.

7. ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படிகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. புகைப்படம் எடுப்பதாயின் உரியவரின் இசைவு வேண்டும். ஒருவர் தம் குடும்பத் துன்பத்தை மாணவரிடம் கூறினால், அது என்னவென்று உறுப்பினர்கள் கேட்டறிய முயலலாகாது.

8. பயிற்சி முடியும்போது, ஊரைப் பற்றிய அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுமாறு கேளுங்கள். நம்மிடமிருந்து பெற்ற செய்தியை நமக்குத் திருப்பித் தருவது அவர்களுடைய கடமை.

9. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்திடுக. நாள், கண்டது, மக்களிடம் சொன்னது, எஞ்சி நிற்பது என்று நான்கு பத்திகள் போதும். இவ்வாண்டு மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டு மாணவர் தொடங்கலாம். ஆண்டுதோறும் அதே வீட்டில் அதே கேள்விகளைக் கேட்கும் தொல்லையும் ஒழியும்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடவு நாளிலோ அறுவடை நாளிலோ மாணவர் வந்து கேள்வி கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். "மாலையில் வாருங்கள்" என்று கூறுங்கள். எந்த நேரத்தில் எவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதே அவர்கள் கற்க வேண்டிய முதற் பாடம். அதனை உங்களைவிட நன்றாகக் கற்பிப்போர் கல்லூரியில் இல்லை.

எதிர்பார்ப்பும் பயனும்

களப் பயிற்சி மாணவர் ஓராண்டில் ஊரை மாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தல் தவறு. அவர் சாலை போடமாட்டார். பட்டா வாங்கித் தரமாட்டார். ஆனால் ஊரில் வாய் திறவாதவர்களைப் பேச வைக்க அவரால் முடியும். தாலுகா அலுவலகத்தின் வாசற்படி ஏற அஞ்சுபவருக்கு உடன் செல்ல முடியும். நாள்தோறும் பார்த்துப் பழகி நம் கண்ணில் படாமற்போன ஒன்றை, புதிய கண்ணால் பார்த்துச் சுட்டிக்காட்ட முடியும்.

இத்தகைய களப்பணியிலிருந்து நாடு முழுமைக்கும் பயன் விளைந்ததும் உண்டு. துன்பத்தில் உள்ள குழந்தைகளுக்கு உதவ இன்று நாடெங்கும் 1098 என்னும் தொலைபேசி எண் இயங்குகிறதன்றோ? அது 1996-ஆம் ஆண்டில் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களச் செயல் திட்டமாகத் தெருவோரக் குழந்தைகளிடையே தொடங்கப்பெற்றதேயாகும். பின்னர் நாடெங்கும் பரவி அரசின் பொறுப்பில் வந்தது. அந்த எண்ணை ஒவ்வோர் ஊராட்சியும் பள்ளிச் சுவரில் எழுதி வைப்பது நலம்.

அன்று என்னைக் கேட்ட ஊராட்சித் தலைவர், பயிற்சி முடிந்து மாணவர்கள் விடைபெற்ற நாளில் நான்காம் தெருவில் ஊர்க் கூட்டத்தை வைத்தார். மாணவர்கள் தம் அறிக்கையைப் படித்தனர். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்து, குறிப்பேட்டில் 'எஞ்சி நிற்பது' என்னும் பத்தியில் அங்கன்வாடிக்குச் செல்லும் வழியில் மழைநீர் தேங்குவதை எழுதிக்கொள்ளுமாறு கூறினார். ஊராட்சிச் செயலர் எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு உரிய பாடம் அங்கிருந்து தொடங்கிற்று.